பள்ளியில் மதிப்பெண் சரிந்த பிள்ளை பெரிய கல்லூரிக்குப் போக எந்த வழி நல்லது?

கலிஃபோர்னியாவில் பத்தாவது, பதினோராவதில் மதிப்பெண் சரிந்துபோன பிள்ளை யு.சி. என்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., டேவிஸ் மாதிரி ஒரு வளாகத்துக்குப் போக இன்னும் வழி இருக்கிறதா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் நான்கு பேர் நான்கு வழி சொல்வார்கள், அதில் எந்த வழி பள்ளிக்கூட மதிப்பெண்ணை உண்மையிலேயே பின்னால் விட்டுவிடும், எது அதை மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. முடிவு எடுக்க அது ஒன்றுதான் தெரிய வேண்டும் என்பது என் கருத்து, அதனால் அதை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

எங்கள் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெரியவன் 2022ல் ஹைஸ்கூல் முடித்தான். பதினோராவது முழுக்கக் கொரோனாவால் வீட்டுக்குள், கணினித் திரை முன்னால் கழிந்தது. கேமராவை அணைத்துவிட்டுப் படுத்திருந்தான் என்பது எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. அந்த ஆண்டு கெமிஸ்ட்ரியில் டி, அல்ஜீப்ரா-2 பாடத்தில் டி (சி-க்கும் கீழே, எஃப்-க்கு ஒரு படி மேலே), நாலுக்குக் கணக்கிடும் சராசரியான ஜி.பி.ஏ. மொத்தம் 2.6. பன்னிரண்டாவதில் எழுந்து உட்கார்ந்து படித்தான், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான். அது போதவில்லை, ஏனென்றால் யு.சி. புதுமாணவர் விண்ணப்பத்துக்கு ஜி.பி.ஏ. கணக்கிடுவது ஒன்பதாவது முடிந்த கோடையிலிருந்து பதினோராவது முடிந்த கோடை வரை மட்டும்தான். பன்னிரண்டாவதில் எல்லாமே ஏ வாங்கினாலும் அந்த எண் அசையாது. உள்ளூர்ப் பிள்ளைக்கு, அதாவது கலிஃபோர்னியாவாசிக்கு, குறைந்தபட்சம் 3.0 வேண்டும், கட்டாயப் பாடங்களில் டி வந்தால் அந்தப் பாடம் படித்த கணக்கிலேயே வராது. எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு எழுதித் தப்பிக்கலாம் என்றால் அதை யு.சி. இப்போது பார்ப்பதே இல்லை.

சரி, அப்போது எங்கள் முன்னால் இருந்த வழிகள் இவை. ஓராண்டு நிறுத்திவிட்டு மறுபடியும் புதுமாணவராக விண்ணப்பிப்பது. சேர்க்கை தந்த ஏதோ ஒரு நாலாண்டுக் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டில் அங்கிருந்து தாவுவது. கம்யூனிட்டி காலேஜ் என்கிற, கட்டணம் குறைந்த இரண்டாண்டு அரசுக் கல்லூரியில் படித்து யு.சி.க்கு மாறுவது. அதே கம்யூனிட்டி காலேஜிலிருந்து ஸ்டான்ஃபோர்டு, யூ.எஸ்.சி., கார்னெல் போன்ற தனியார் இடங்களைக் குறிவைப்பது.

ஓராண்டு நிறுத்துவதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மேலே சொன்ன கணக்குப்படி யு.சி.க்கு அந்த ஓராண்டில் எதுவும் மாறாது. சும்மா இருக்காமல் கம்யூனிட்டி காலேஜில் நாலு பாடம் எடுக்கலாமே என்று தோன்றும், ஆனால் ஹைஸ்கூல் முடித்த பிறகு வழக்கமான பருவத்தில் ஒரு கல்லூரியில் பதிந்துவிட்டால் யு.சி. பிள்ளையை டிரான்ஸ்பர் மாணவராக, அதாவது வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவராகத்தான் எடுத்துக்கொள்ளும், கோடை வகுப்பு மட்டும் விதிவிலக்கு. கிழக்குக் கரையில் ஃபிலிப்ஸ் எக்ஸிட்டர், டியர்ஃபீல்டு போன்ற விடுதிப் பள்ளிகளில் பன்னிரண்டாவதுக்குப் பிறகு இன்னும் ஓராண்டு படிக்கலாம், விளையாட்டில் கெட்டியான பிள்ளைகள் பலர் அப்படிப் போகிறார்கள். செலவு ஒரு கல்லூரியின் செலவு. பிள்ளைக்கு உடம்போ மனமோ சரியில்லாமல் ஓய்வு வேண்டும் என்றால் ஓராண்டு நிறுத்துங்கள், தயங்காதீர்கள். கல்லூரி கிடைக்கும் என்பதற்காக நிறுத்தாதீர்கள்.

அடுத்தது, எங்கேயாவது ஒரு நாலாண்டுக் கல்லூரியில் சேர்ந்து அங்கிருந்து தாவுவது. நம்மவர் வீடுகளில் அதிகம் விரும்பப்படுவது இதுதான், காரணமும் எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் சொல்ல ஒரு பல்கலைக்கழகப் பெயர் இருக்கும், பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டு விடுதிக்குப் போவான், நாமும் கார் நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவோம். எங்களுக்கும் வெளிமாநிலத்தில் ஓர் இடம் கிடைத்தது, விடுதியும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு 48000 டாலர். முன்பணம் கட்டக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வரைக்கும் கட்டுவதாகத்தான் இருந்தோம்.

ஆனால் நாட்களை எண்ணிப் பாருங்கள். ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் எல்லாவற்றுக்கும் டிரான்ஸ்பர் விண்ணப்பக் கெடு மார்ச் மாதத்தில் வருகிறது. ஆகஸ்டில் கல்லூரியில் சேர்ந்த பிள்ளையிடம் மார்ச்சில் ஒரே ஒரு செமஸ்டரின் மதிப்பெண்தான் கையில் இருக்கும். நாலைந்து பாடம். எதிரே ஹைஸ்கூலின் நாலு ஆண்டுகள். விண்ணப்பத்தைப் படிக்கிறவர் எதை வைத்து முடிவெடுப்பார்? தனியார் கல்லூரிகள் டிரான்ஸ்பர் மாணவரிடமும் ஹைஸ்கூல் மதிப்பெண் பட்டியலைக் கேட்கின்றன, ஓராண்டில் தாவ நினைக்கிற பிள்ளைக்கு அந்தப் பட்டியல்தான் விண்ணப்பத்தின் பெரும்பகுதி. எதிலிருந்து தப்பிக்க நினைத்தோமோ அதுவே முன்னால் வந்து நிற்கும்.

யு.சி.க்குத் தாவலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். டிரான்ஸ்பரில் யு.சி. முதலிடம் தருவது கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு. யு.சி.க்கு மாறி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறார்கள். மற்ற நாலாண்டுக் கல்லூரி மாணவர்கள் அந்த வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதுவும் ஓராண்டு முடித்து வருகிறவர்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, 60 செமஸ்டர் யூனிட் அல்லது 90 குவார்ட்டர் யூனிட் (யூனிட் என்பது ஒரு பாடத்தின் எடை; செமஸ்டர் முறையில் ஆண்டுக்கு இரண்டு பருவம், குவார்ட்டர் முறையில் மூன்று) முடித்து மூன்றாம் ஆண்டில் நுழைகிறவர்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் மட்டும் படித்த பிள்ளை எத்தனை யூனிட் எடுத்திருந்தாலும் யு.சி. 70 செமஸ்டர் யூனிட்டோடு கணக்கை நிறுத்திக்கொள்ளும், அதிகமாகப் படித்துவிட்டாய் என்று திருப்பி அனுப்பாது. நாலாண்டுக் கல்லூரியிலிருந்து வந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதையெல்லாம் ஓர் இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் அந்த முன்பணத்தைக் கட்டாமல் விட்டோம். ஒன்று மட்டும் சொல்கிறேன், சேர்கிற கல்லூரியிலேயே நாலாண்டும் இருந்து பட்டம் வாங்கப் பிள்ளைக்குச் சம்மதம், அங்கே நன்றாகப் படித்து மேல்படிப்புக்குப் பெரிய இடம் போகலாம் என்று நினைக்கிறான் என்றால், அது மிக நல்ல முடிவு. தாவுவதற்காகவே போய்ச் சேர்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். வந்த நாளிலிருந்து கிளம்புகிற நினைப்பிலேயே இருக்கிற பிள்ளைக்கு அங்கே நண்பனும் கிடைப்பதில்லை, ஆசிரியரும் கிடைப்பதில்லை.

இப்போது கம்யூனிட்டி காலேஜ். மூன்றாம் ஆண்டில் நுழைகிற டிரான்ஸ்பர் மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது யு.சி. ஹைஸ்கூல் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. நான் இதை முதலில் நம்பவில்லை, மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கெமிஸ்ட்ரி டி, அல்ஜீப்ரா டி எல்லாம் அங்கே எடுபடாது. கல்லூரியில் வாங்கியதுதான் பேசும். உள்ளூர் மாணவருக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 2.4, ஆனால் அது விண்ணப்பிக்கத்தான், இடம் கிடைக்க அல்ல.

டேவிஸ், அர்வைன், சான்டா பார்பரா, சான்டா குரூஸ், ரிவர்சைடு, மெர்செட் ஆகிய ஆறு வளாகங்கள் டேக் என்ற உத்தரவாத ஒப்பந்தம் தருகின்றன. சொன்ன பாடங்களைச் சொன்ன ஜி.பி.ஏ.வோடு முடித்தால் இடம் உறுதி. அந்த ஜி.பி.ஏ. வளாகத்தையும், மேஜர் என்கிற முதன்மைப் பாடத்தையும் பொறுத்து மாறும், அர்வைனும் சான்டா பார்பராவும் 3.4 என்ற அளவில் கேட்கின்றன. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம், செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும், அதன்பிறகு எல்லோரையும் போல நவம்பர் இறுதிக்குள் பொது விண்ணப்பமும் போட வேண்டும். செப்டம்பரில் போட்டாயிற்று என்று நவம்பரை மறந்துவிட்டால் உத்தரவாதம் போய்விடும். எல்லா மேஜருக்கும் டேக் கிடையாது என்பதையும் கவனியுங்கள், சான்டா பார்பராவின் பொறியியல் கல்லூரிக்கு இல்லை. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியாகோ மூன்றும் டேக் தருவதில்லை. ஆனாலும் யூ.சி.எல்.ஏ. புதுமாணவர்களில் பத்தில் ஒருவரைக்கூட எடுக்காத இடம், டிரான்ஸ்பரில் நாலில் ஒருவர் அளவுக்கு எடுக்கிறது. கம்ப்யூட்டர் சயன்ஸ் மாதிரி மேஜர்களில் இந்த விகிதம் படுமோசமாகக் குறையும், அதனால் மொத்தக் கணக்கைப் பார்த்து ஏமாறாமல் உங்கள் மேஜரின் கணக்கை மட்டும் பாருங்கள், யு.சி. அதை மேஜர் வாரியாகவே வெளியிடுகிறது.

செலவைச் சொல்லவே வேண்டாம். கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர் யூனிட் 46 டாலர், டி அன்ஸா, ஃபுட்ஹில் மாதிரி குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் ஒரு யூனிட் 31 டாலர். ஆண்டுக்கு 45 யூனிட் எடுத்தாலும் 1400 டாலருக்குள். முதல்முறை கல்லூரி போகிற முழுநேர மாணவருக்குப் பல கல்லூரிகளில் இரண்டாண்டுக்கு இந்தக் கட்டணமும் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மாநிலத் தணிக்கை அலுவலகம் 2024ல் வெளியிட்ட அறிக்கைப்படி, நாலாண்டுப் பல்கலைக்கு மாறும் எண்ணத்தோடு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் நான்கு ஆண்டுகளுக்குள் மாறியிருக்கிறார். மீதி நாலு பேர் சோம்பேறிகள் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அப்புறம் தப்பான பாடத்தை எடுத்துக் காலம் போனவர்கள். இந்தக் கடைசி வகையில் என் மகனும் ஓராண்டு மாட்டினான்.

முதல் குவார்ட்டரில் கல்லூரி கவுன்சிலர் ஒருவர் அவனுக்கு ஒரு பயாலஜி பாடம் எழுதிக் கொடுத்தார். யு.சி.க்கு மாறுமா என்று கேட்டான், மாறும் என்றார். அது உண்மைதான், யூனிட்டாக மாறும். ஆனால் அவன் குறிவைத்த மேஜர் சுற்றுச்சூழல் அறிவியல், அதற்கு வேண்டியது அறிவியல் மாணவர்களுக்கான பயாலஜி வரிசை, மூன்று குவார்ட்டர் தொடர்ந்து படிக்க வேண்டும், அதுவும் அந்தக் கல்லூரியில் இலையுதிர் பருவத்தில் மட்டும்தான் தொடங்கும். எங்களுக்குத் தெரிய வந்தபோது ஜனவரி. அடுத்த செப்டம்பர் வரை காத்திருந்தான். கம்யூனிட்டி காலேஜில் அவனுக்கு இரண்டாண்டுக்குப் பதில் மூன்றாண்டு ஆனதற்கு முதல் காரணம் அதுதான்.

அதனால் யார் என்ன சொன்னாலும் முதல் நாளே அசிஸ்ட் (assist.org) என்ற இணையதளத்தைத் திறந்து, உங்கள் கல்லூரி, போக வேண்டிய வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்து வருகிற பட்டியலை அச்செடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் யு.சி. பாடம், வலது பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் உள்ள பாடம். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் மூன்றாண்டு ஒட்டியிருந்தது, முடித்த பாடத்தைப் பச்சைப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தான். பாடம் மாறுமா என்று கேட்காதீர்கள். என் மேஜருக்கு எந்தப் பாடத்துக்கு ஈடாக மாறும் என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் நடுவில் ஓராண்டு இருக்கிறது.

பாடத்தில் இடம் பிடிப்பதும் சுலபமில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் பதிவில் முன்னுரிமை கிடையாது, பிரிகால்குலஸ் வகுப்பில் அவன் வெயிட்லிஸ்ட்டில் பதினொன்றாவது. காலை ஏழரை மணி வகுப்பு. முதல் நாள் உட்கார நாற்காலி இல்லாமல் பின்சுவரில் சாய்ந்து நின்று குறிப்பெடுத்தான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நின்றுகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை, ப்ரொஃபசர் மிச்சமிருந்தவர்களைக் கூப்பிட்டு, வகுப்பில் பதிந்துகொள்வதற்கான ஆட் கோட் எழுதிக் கொடுத்தார். அந்த மஞ்சள் துண்டுச்சீட்டை வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டினான். ஹைஸ்கூலில் ஒரு ரிப்போர்ட் கார்டைக்கூட அவனாகக் காட்டியதில்லை.

இன்னொரு விஷயம் இப்போது சேர்கிறவர்களுக்கு முக்கியம். 2017ல் வந்த ஏ.பி. (AB) 705, 2022ல் வந்த ஏ.பி. 1705 என்ற மாநிலச் சட்டங்களால் கம்யூனிட்டி காலேஜில் பழைய அடிப்படைக் கணித வகுப்புகள் பெரும்பாலும் போய்விட்டன, அறிவியல் மேஜர் பிள்ளைகளை நேராகக் கால்குலஸில் உட்கார வைக்கும் போக்கு வந்திருக்கிறது. வீணாக இரண்டாண்டு அடிப்படைப் பாடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது நல்லது. அல்ஜீப்ராவில் டி வாங்கிய பிள்ளைக்குக் கவலைதான், ஏனென்றால் நவம்பர் விண்ணப்பத்துக்கு முதல் ஓராண்டின் மதிப்பெண்தான் முதுகெலும்பு. சேர்வதற்கு முந்தைய கோடையிலேயே கணிதத்தைச் சரிசெய்துகொள்ளட்டும், கல்லூரி தருகிற துணை வகுப்பையும் எடுக்கட்டும். கல்லூரியில் சி மைனஸோ அதற்குக் கீழோ வந்தால் திரும்பப் படித்து மாற்றலாம், சி வந்துவிட்டால் மாற்ற முடியாது. ஹைஸ்கூலில் இருந்தபோதே கம்யூனிட்டி காலேஜ் பாடம் எடுத்திருந்தால் அந்த மதிப்பெண் கல்லூரிக் கணக்கில் சேரும், ஹைஸ்கூல் பட்டியலோடு மறைந்துவிடாது, பலர் இதை அறியாமல் பதினாறு வயதில் ஒரு எஃப் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

நம்மவர்களில் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்த வழியில் கூடுதலாக ஒன்றைக் கணக்கிட வேண்டும். எச்-4 பிள்ளைக்கு ஃபெடரல் கல்வி உதவி கிடையாது, ஆனால் கலிஃபோர்னியாவில் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும். இருபத்தொரு வயது ஆனதும் எச்-4 முடிகிறது. கம்யூனிட்டி காலேஜில் மூன்றாண்டு என்றால் யு.சி.யில் காலடி வைக்கிற நேரத்தில் அந்த வயது வந்துவிடும், விசா மாறினால் கட்டண நிலையும் மாறக்கூடும், யு.சி.யில் 2024-25ல் உள்ளூர்க் கட்டணம் ஆண்டுக்கு 14000 டாலருக்குச் சற்று மேல் என்றால் வெளியாருக்கு அதன் மூன்று மடங்கைத் தாண்டியது. குடியேற்ற வழக்கறிஞரிடமும் யார் உள்ளூர்வாசி என்று முடிவு செய்கிற வளாகத்தின் ரெசிடென்சி அலுவலகத்திலும் முதலாண்டிலேயே பேசுங்கள். இவர்களுக்கு மட்டும், இரண்டாண்டில் முடிகிற மேஜரைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று சொல்வேன். மற்றவர்கள் மூன்றாண்டு எடுத்தால் குடிமுழுகிப் போவதில்லை, பொறியியல் பிள்ளைகள் பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

கடைசியாகத் தனியார் பெரிய இடங்கள். பிரின்ஸ்டன் 1990க்குப் பிறகு டிரான்ஸ்பர் மாணவர்களையே எடுக்காமல் இருந்து 2018ல் மறுபடி தொடங்கியது, முதல் முறை 13 பேருக்கு இடம் தந்தது, கம்யூனிட்டி காலேஜ், ராணுவப் பின்னணி, வசதி குறைந்த குடும்பம் என்று பார்த்து எடுக்கிறது. ஸ்டான்ஃபோர்டும் ஹார்வர்டும் நூற்றில் ஓரிருவரைத்தான் எடுக்கின்றன. கார்னெல் இவர்களைவிடக் கைதாராளம், ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் எடுக்கிறது, அதன் விவசாயக் கல்லூரிக்குப் பல கம்யூனிட்டி காலேஜ்களோடு ஒப்பந்தமே இருக்கிறது. யூ.எஸ்.சி.யும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் சேர்க்கிறது, ஹைஸ்கூல் பட்டியலைக் கேட்கும், ஆனால் இரண்டாண்டு கல்லூரி மதிப்பெண் வலுவாக இருந்தால் அதற்கு எடை அதிகம். அங்கே படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 65000 டாலரைத் தாண்டுகிறது, பல இடங்களில் திறமை உதவித்தொகை பெரும்பாலும் புதுமாணவர்களுக்கே போகிறது. ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுகிறவர்களுக்கு ஆண்டுக்கு 55000 டாலர் வரை தருகிறது, வருமானம் குறைவாக இருந்து மதிப்பெண் நன்றாக இருந்தால் அதற்கு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். யு.சி. பாதையில் நடந்துகொண்டே இவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம், இவற்றை மட்டும் நம்பி நடக்காதீர்கள்.

ஆக என் தீர்ப்பு தெளிவு. கலிஃபோர்னியாவில் வசிக்கிற, பள்ளியில் சறுக்கிய, ஆனால் இப்போது படிக்க மனம் வந்திருக்கிற பிள்ளைக்குக் கம்யூனிட்டி காலேஜ் வழியாக யு.சி., கையில் ஒரு டேக், மேலே இரண்டு மூன்று வளாகங்களுக்குத் துணிந்து விண்ணப்பம். மனம் இன்னும் வராத பிள்ளைக்கு எந்த வழியும் உதவாது, அந்தப் பிள்ளையோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள், கல்லூரி அப்புறம். வேறு மாநிலம் என்றால் உங்கள் மாநிலத்தின் ஒப்பந்தத்தைத் தேடுங்கள், வர்ஜீனியாவில் கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூ.வி.ஏ. என்கிற வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கும் வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கும் உத்தரவாதச் சேர்க்கை ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஃபுளோரிடாவில் இரண்டாண்டுப் பட்டம் முடித்தால் மாநிலப் பல்கலை ஒன்றில் இடம் உறுதி, எது என்பது உறுதியில்லை.

இந்த முடிவுக்கு எங்களை வரவிடாமல் தடுத்தது பணமும் இல்லை, விதியும் இல்லை, வெட்கம். கோயிலில், பிறந்தநாள் விழாவில், பையன் எங்கே சேர்ந்திருக்கிறான் என்று கேட்பார்கள். முதல் வருடம் நான் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன், அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருநாள் காரில் வரும்போது, "நான் படிக்கிற காலேஜ் பேரச் சொல்றதுக்கு உங்களுக்கு அவ்ளோ கஷ்டமாம்மா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அதன் பிறகு எங்கே போனாலும் கல்லூரியின் முழுப் பெயரையும், என்ன பாடம் படிக்கிறான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவனும் பதில் சொல்லத் தொடங்கினான்.

2024 நவம்பரில் 3.7 ஜி.பி.ஏ.வோடு விண்ணப்பித்தான். இரண்டு வளாகங்கள் மறுத்தன, டேக் போட்ட டேவிஸ் ஏப்ரலில் இடம் தந்தது. 2025 செப்டம்பரில் கார் நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தோம்.